மின்கீரி காத்திருந்த ஆட்டம்

வீடியோ கேம் ஒன்றுக்குள் ஒரு மின்கீரி இருந்தது. எதிரணியின் மண்ணாமையிடம் அது மூன்று முறை தோற்றிருந்தது. அடித்த மின்னலெல்லாம் ஆமையின் ஓட்டில் பட்டு மண்ணுக்குள் இறங்கிப் போனது. இன்னொரு முறை தோற்றால், விளையாடுகிற பெண் அதை அணியிலிருந்து நீக்கிவிடுவாள்.

"இந்தத் தடவை இன்னும் பலமா அடிக்கிறேன்," என்றது கீரி.

"எவ்வளவு பலமா அடிச்சாலும் மண்ணுதான் குடிக்கும். ஆமையை நான் பாத்துக்கறேன். அவங்க அணியில அடுத்து வர்ற கழுகை நீ பாத்துக்க," என்றது கூட்டாளியான நீர்த்தவளை.

அந்தப் பெண் வழக்கம்போலக் கீரியை முதலில் இறக்கப் பட்டனை அழுத்தினாள். கீரி அசையவில்லை.

"பயந்துட்டியா?" என்று ஆமை சிரித்தது. கீரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வேறு வழியின்றி அவள் தவளையை இறக்கினாள். தவளை பீய்ச்சிய தண்ணீரில் ஆமை கவிழ்ந்தது. உடனே கழுகு பாய்ந்து தவளையைக் கீறித் தள்ளியது.

கீரி எழுந்தது. சேர்த்து வைத்திருந்த மின்னல் முழுவதையும் ஒரே அடியாக அடித்தது. கழுகு சுருண்டு விழுந்தது.

ஜெயித்த அணியைப் பதக்கம் வாங்க அழைத்தார்கள். கீரி தவளையை முதுகில் தூக்கிக்கொண்டு மேடையேறியது.

"உன் முடி இன்னும் சுருக்குசுருக்குனு குத்துது," என்றது தவளை.

"பொறுத்துக்க, ரெண்டே படிதான்."