இரண்டு விசில்

தண்டவாளத்துக்குச் சற்று முன்னால் பேருந்து நின்றது.

யாரும் இறங்கவில்லை.

அவனும் இறங்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

போன மாதம்வரை அவன்தான் இந்தப் பேருந்தின் கண்டக்டர்.

இன்று பயணி. சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்ற ஆள் எடுக்கிறார்களாம். ஏறும்போது டிரைவர் ஜெரோம் காசு வாங்கக் கூசினான். "உங்களுக்கு எதுக்குண்ணே டிக்கெட்டு?" என்றான். அவன் விடவில்லை. நீட்டிய கையை மடக்காமல் நின்றான். ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் மெஷினைத் தட்டினான்.

அந்த மெஷினைக் காட்டித்தான் முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பினார்.

"டிக்கெட் கிழிக்கிறதத் தவிர கண்டக்டருக்கு என்னய்யா வேலை? அத இது பாத்துக்கும்."

என்ன வேலையாம்!

இந்த இடத்துக்கு ஆளில்லா ரயில்வே கேட் என்று பெயர். ஆளும் இல்லை, கேட்டும் இல்லை. ஆலைக்குப் போகும் சரக்கு ரயிலுக்கு நேரம் காலமும் இல்லை. வளைவை மறைத்துச் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. டிரைவர் இருக்கையிலிருந்து பார்த்தால் முள்தான் தெரியும், ரயில் தெரியாது. அதனால்தான் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். பேருந்து நிற்க வேண்டும். கண்டக்டர் இறங்கித் தண்டவாளம்வரை நடந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வரச் சொல்ல வேண்டும்.

மழையில் நடந்திருக்கிறான். காய்ச்சலோடு நடந்திருக்கிறான். ஒருவரும் அதை வேலை என்று நினைத்ததில்லை. காலாற உலாத்துகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அவனை அனுப்பிய பிறகு ஜெரோமே இறங்கி ஓடினான். பார்த்துவிட்டு ஓடிவந்தான். ஏறி உட்கார்ந்து கியரைப் போடுவதற்குள் பார்த்தது பழசாகிவிடும். நேற்று அதற்கும் திட்டு விழுந்ததாம். வழியில் வண்டியை விட்டு இறங்கினால் அப்படியே வீட்டுக்குப் போய்விடு என்றாராம் முதலாளி.

"எடுப்பா. லேட்டாப் போனா ஷிப்டுக்கு உள்ள விடமாட்டான்."

பின்னாலிருந்து யாரோ.

"யாராச்சும் ஒருத்தர் இறங்கிப் பாருங்களேன்" என்றான் ஜெரோம்.

"நல்லாருக்கே கதை! காசும் குடுத்துட்டு, இறங்கி ரயிலும் பாக்கணுமா?" என்றார் ஆலை மேஸ்திரி.

சிரித்தார்கள்.

ஜெரோம் கண்ணாடியில் அவனைப் பார்த்தான்.

அவன் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டான். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். அந்த மெஷினையே இறக்கிவிட்டு, அதை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லட்டும். சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு வேலையை மட்டும் செய் என்றால், அவன் என்ன இளிச்சவாயனா?

போன் அடித்தது. ஜெரோம் பெயரைப் பார்த்தான். எடுக்கவில்லை. அது ஓய்ந்து மறுபடி அடித்தது.

"முதலாளிதானே? அவரும் வண்டிய எடுக்கத்தான் சொல்வாரு. எடுப்பா!" என்றது பின்னாலிருந்து அதே குரல்.

ஜெரோம் ஹேண்ட் பிரேக்கை விட்டான்.

பேருந்து உருண்டது.

கருவேல மரங்கள் ஜன்னலை நெருங்கின.

அவன் கை எப்போது சட்டைப்பைக்குள் போனது என்று அவனுக்கே தெரியாது.

ஒற்றை விசில். நீளமாக.

ஜெரோமின் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. நின்றுகொண்டு வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கத்தினார்கள்.

அவன் இறங்கினான். முதலாளியை, மெஷினை, சிரித்தவர்களை, சொல்பேச்சுக் கேட்காத தன் கையை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே நடந்தான்.

தண்டவாளத்தில் ஏறி நின்றான்.

இடப்பக்கம் பார்த்தான்.

வலப்பக்கம் பார்த்தான்.

ஒன்றுமில்லை. எப்போதும்போல.

இரண்டு விசில் அடித்தான். பேருந்து தண்டவாளத்தில் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் போய் அவனுக்காக நின்றது.

"என்னய்யா, ரயில் வந்துச்சா?"

மேஸ்திரிதான். அவனுடைய ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுபடி சிரித்தார்கள்.

"எந்திரிங்க" என்றான். "டிக்கெட் எடுத்திருக்கேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவர் எழுந்துகொண்டார்.

அவன் உட்கார்ந்தான். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

பேருந்து நகரவில்லை.

"அண்ணே" என்றான் ஜெரோம், திரும்பாமலே. "சாயந்திரம் இதே வண்டியிலதானே திரும்புறீங்க?"

அவன் டிக்கெட்டை மறுபடி மடித்தான்.

ஷிப்டுக்கு நேரமாகிறது என்று யாரும் கத்தவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மேஸ்திரியும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.