பச்சை விளக்கு

ரயில் நிலைய வாசலில், குழந்தையை அழைத்து வருபவர் ரத்த உறவுதானா என்று கருவி சரிபார்க்கும். உறவென்றால் பச்சை விளக்கு எரியும். பதினொரு வயது தங்கமாரிக்கும் அவள் தாய்மாமனுக்கும் பச்சைதான் எரிந்தது.

“எங்கம்மா போற?” என்று வாசல் காவலாளி ரெஜினா கேட்டாள்.

“மில்லுக்குக்கா. அங்கயே பள்ளிக்கூடமும் இருக்காம்.”

அப்படிப் போன பிள்ளைகள் யாரும் திரும்பி வந்து ரெஜினா பார்த்ததில்லை. பச்சை எரிந்தால் விட்டுவிட வேண்டும் என்ற விதியை மீறிக் கதவை அடைத்தாள். மாமன் கூச்சலிட்டுவிட்டு, போலீஸ் வருமுன் நழுவிவிட்டான்.

இரவு நிலையத்திலேயே தங்கியிருந்த தங்கமாரியை அழைத்துப்போக மறுநாள் அவள் தாய் வந்தாள்.

“உங்க தம்பி இவள விக்கப் பாத்திருக்கான்மா,” என்றாள் ரெஜினா.

“தெரிஞ்சுதான் அனுப்புனேன். மழையில்லாத ஊர்ல பட்டினி கெடக்கா. அங்க மூணு வேளையும் சோறு போடுவாங்க. நீங்க போடுவீங்களா?”

 அதுவரை அம்மாவின் சேலையைப் பற்றியிருந்த தங்கமாரி, மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.