கம்பி வைத்த கீல்

திண்டுக்கல்லில் மாடல் விமான உதிரிபாகக் கடையைப் புதிதாகத் திறந்திருந்தான் ஜெரோம். காமராஜ் வந்து வால் இறக்கைக்குக் கீல் கேட்டார்.

"மெல்லிசு வேணாம். பெரிய பிளேனுக்கு அது தாங்காது. கம்பி வச்சதைக் குடு."

"ஒரு செட்டுதான் இருக்குங்கய்யா. கன்னிவாடி கௌசல்யா அதே அளவு பிளேனுக்கு மெல்லிசே போதும்னு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கு. ஞாயித்துக்கிழமை வடமதுரைப் போட்டியில உங்களுக்கு எதிரா அதுதானே நிக்குது?"

"ஆமா."

பணம் கொடுத்த காமராஜ் கீல்களை எடுக்கவில்லை.

"அந்தப் புள்ள வந்தா, மெல்லிசு தீந்துருச்சுன்னு சொல்லி இதைக் குடு. என் பேரைச் சொல்லாத."

ஜெரோம் சிரித்தான். "அந்தப் புள்ள பிளேன் விழுந்தா உங்களுக்குத்தானேய்யா கப்பு?"

"எதிராளி பிளேன் பிஞ்சு விழுந்து வர்ற கப்பு என் வீட்டுக்கு எதுக்கு?"

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பசை வைக்கிறதுக்கு முன்னாடி மூட்டுல வாசலின் தடவச் சொல்லு. பசை இறங்குனா கீல் இறுகிப்போகும். அதை மட்டும் சின்ன வயசுலேருந்தே மறந்துருவா."

"சின்ன வயசுலேருந்தா? அந்தப் புள்ளயை உங்களுக்கு முன்னாடியே தெரியுமாய்யா?"

காமராஜ் தோள்துண்டைச் சரிசெய்தார்.

"என் பேச்சை மீறிக் கட்டிக்கிட்டுப் போனவ. அவகூட எனக்குப் பேச்சு கிடையாது. அதுக்காக, காமராஜ் மக செஞ்ச பிளேன் நடுவானத்துல பிஞ்சுதுன்னு எவனும் பேசக் கூடாது."