கையெழுத்தில்லாத நாள்

2003 செப்டம்பர் 10 அன்று, வட்டாட்சியர் அலுவலகத் தற்காலிகத் தட்டச்சர் சுகிர்தாவின் எண்பத்தொன்பது நாள் நியமனம் முடிந்தது. தொண்ணூறு நாளானால் நிரந்தரம் கேட்பார் என்று, மறுநாள் மட்டும் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் வேலை வாங்குவார்கள்; அடுத்த நாள் புதிய நியமனம். பதினோரு வருடமாக இப்படித்தான். இம்முறை அந்த மறுநாளில் கண்காணிப்பாளர் ஒரு தாளை நீட்டினார். தொடர்ந்து பணிபுரியாததால் சுகிர்தாவைப் பணி நிரந்தரம் செய்ய இயலாது என்றிருந்தது.

"மூணு காப்பி அடிச்சுக் குடும்மா."

"நான்தான் இன்னிக்கு வரவே இல்லியே சார்."

"முன்னால நின்னுக்கிட்டு என்ன நக்கலா?"

"ரிஜிஸ்டரப் பாருங்க சார். ஆளே இல்ல."

சுகிர்தா தட்டச்சு இயந்திரத்துக்கு உறையைப் போட்டுவிட்டு வெளியேறினார்.

பணிநீக்க உத்தரவு தபாலில் வந்தது. 11ஆம் தேதி பணியில் இருந்தபோது மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள்.