பிட் ஸ்திரீட்டில் மேளம் நின்றபோது

"அண்ணே, இன்னும் கொஞ்ச தூரந்தான். பள்ளிவாசல் வந்துட்டா மூச்சு வாங்கிக்கலாம்," என்று தவில்காரர் கிசுகிசுத்தார்.

நல்லமுத்து தலையை மட்டும் அசைத்தார். வாயில் நாதஸ்வரம், நெஞ்சில் அடக்கி வைத்த இருமல். பினாங்கு மாரியம்மன் ஊர்வலம் பிட் ஸ்திரீட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்காரர்களின் தேவாலயத்தைத் தாண்டும்வரை சிரமமில்லை. சீனர்களின் குவான் இன் கோயில் வாசலில் ஊதுபத்திப் புகை மண்டிக் கிடந்தது; அங்கேதான் இருமல் பிடித்துக்கொண்டது. அடுத்தது அந்தக் காலத்து முஸ்லிம் தலைவர் கப்பித்தான் கட்டிய பள்ளிவாசல். தொழுகை நேரமென்றால் அதன் முன்னே மேளம் நிற்கும். எழுதி வைத்த சட்டமில்லை. பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். வேறெங்கும் நிற்க முடியாது.

கூட ஊதும் ஜோடிக்காரர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்.

"உன் நெஞ்சு இருக்கிற லட்சணத்துக்கு நீ ஊத வேணாம். ஈப்போவுலேர்ந்து ஆள் வரவழைக்கிறேன்," என்று போன வாரமே தர்மகர்த்தா அரியமுத்துப் பிள்ளை எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்.

நல்லமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபது வருஷமா அம்மனுக்கு ஊதுறவன் ஐயா நான். நான்தான் ஊதுவேன்!"

"ஊது. பாதியில நின்னே, அடுத்த வருஷம் உனக்கு இங்க எடமில்லை."

ஊர்வலம் நெருங்கியதும் பள்ளிவாசல் பொறுப்பாளர் நூர் முகம்மது பாய் வாசலில் நின்று கையை உயர்த்தினார். மேளம் நின்றது. நல்லமுத்து சுவரோரம் சாய்ந்து, ஆசை தீர இருமினார். தவில்காரர் சுடுதண்ணீர் கொடுத்தார்.

பாயின் கை இறங்கவில்லை.

"என்ன பாய், இன்னும் எவ்வளவு நேரம் லா? அம்மன் நடுரோட்டுல நிக்கிறா!" என்று பிள்ளை கத்தினார்.

இந்த மனுஷன் வாயை மூட மாட்டாரா என்று நல்லமுத்து பல்லைக் கடித்தார். நல்லமுத்துவுக்கு இருமலும் படபடப்பும் அடங்கிய பிறகுதான் அந்தக் கை இறங்கியது.

அப்புறம் ஊதினார் பாருங்கள், அச்சின் தெரு முனையில் கடைக்காரர்களெல்லாம் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து கேட்டார்கள். கோயில் வாசல்வரை ஒரு தடங்கலும் இல்லை.

மறுநாள் காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பாயைத் தேடிப் போனார்.

"நேத்து உங்க தொழுகை நீண்டதாலதான் பாய் என் மானம் தப்பிச்சுது. சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பாய் சிரித்தார். "தொழுகையா? நீங்க சீனக் கோயில்கிட்ட வர்றப்பவே முடிஞ்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு."

"அப்புறம் ஏன் கையை எறக்கல?"

"உங்க தர்மகர்த்தாதான் முந்தாநாள் வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. 'நான் நிறுத்தச் சொன்னா அவன் ரோஷக்காரன், கேக்க மாட்டான். நீங்க நிறுத்துங்க பாய், இருமல் அடங்குற வரைக்கும் விடாதீங்க. யாருக்கும் சந்தேகம் வராம நான் உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கேன்'னு!"