சிரிக்கக்கூடாத வீடு

"சிரிக்காதே! போதும் நிறுத்து! சொன்னா கேக்க மாட்டே?"

சமையலறைச் சுவரைத் தாண்டி வந்த அந்த அதட்டலில், சிசிடிவி அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை.

"கேட்டியாடி? பக்கத்து வீட்டு மாமியார், மருமகளைச் சிரிக்கக்கூட விடமாட்டேங்குறா."

அவளுடைய மருமகள் பாத்திரம் துலக்கியபடியே, "நமக்கெதுக்கு அத்தை?" என்றாள்.

"நமக்கெதுக்கா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் நம்மளைத்தானே கேக்கும்?"

ஒரு வாரமாகவே சிசிடிவி அம்மாவுக்கு மண்டைக் குடைச்சல். அந்த வீட்டுப் பெண்ணை அவசரமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. பால்கனிக்கு வந்தால் ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து நடக்கிறாள். துணி காயப்போடுவது புருஷன். டிவியில் காமெடி வந்தால் போதும், "அணைடா அதை!" என்று கிழவி கத்துகிறாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் விடை கிடைத்துவிட்டது.

"அடிச்சிருக்கான்டி! தோள்லயே போட்டிருக்கான். அதான் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அவளை வெளியே விடாம வெச்சிருக்காங்க."

மருமகள் துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்கினாள்.

"நானும் மாமியார்தான். உன்னை ஒரு சொல் சொல்லியிருப்பேனா? போன வருஷம் சித்தி பொண்ணு கல்யாணம்னு நாலு நாளைக்குப் போனவ, ரெண்டு வாரம் கழிச்சு ஆடி அசைஞ்சு வந்தே. ஏன்னு கேட்டேனா?"

"இல்லத்தை. கேக்கல."

சிசிடிவி அம்மா ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். வீட்டில் டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது. இருந்தால் என்ன, நாலு விஷயம் தெரிய வேண்டாமா?

பக்கத்து வீட்டு மாமியாரே கதவைத் திறந்தாள். சிசிடிவி அம்மாவின் கால் உள்ளே போவதற்கு முன் கண் போய்விட்டது. சோபாவில் அந்தப் பெண், வயிற்றில் ஒரு தலையணையை அணைத்தபடி. தோளில் வெந்நீர்ப் பை.

"என்னம்மா, தோள்ல அடியா?"

"அடியா? வயித்துல ஆபரேஷனுங்க" என்றாள் மாமியார். "கரு கர்ப்பப்பைக்கு வராம, வழியில குழாயிலயே தங்கிடுச்சு. விட்டிருந்தா வெடிச்சு உயிருக்கே ஆபத்தாம். பெருசாக் கிழிக்கல. சின்னச் சின்னத் துளையாப் போட்டு எடுத்துட்டாங்க."

சிசிடிவி அம்மாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வயித்துல ஆபரேஷன்னா, தோளுக்கு எதுக்கு வெந்நீர்?"

"நானும் டாக்டர்கிட்ட இதையேதான் கேட்டேன். வயித்துக்குள்ள காத்தை அடைச்சு, அப்புறம்தான் கேமரா விடுவாங்களாம். மிச்சக் காத்து மேல போய் நரம்பை உறுத்துமாம். வலி தோள்ல தெரியுமாம்."

"அப்ப சிரிக்காதேன்னு கத்தினது?"

"அங்கே வரைக்கும் கேட்டுச்சா?" மாமியாருக்கு வெட்கமாகிவிட்டது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தா. ஒரு பேச்சு இல்ல. இன்னிக்கு என் பையன், அடுப்பைப் பத்தவைக்காமலே பால் பாத்திரத்தை வெச்சுட்டு, பொங்கிடுமோன்னு காவல் நின்னான். அதைப் பார்த்துச் சிரிச்சா பாருங்க! தையல் இழுக்குமேங்கற பயத்துல கத்திட்டேன். ஆனா மனசு மட்டும், இன்னும் கொஞ்சம் சிரிடி தங்கம்னுதான் சொல்லுச்சு."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அத்தை, மறுபடி சொல்லாதீங்க. சிரிப்பு வருது" என்று அந்தப் பெண் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சிசிடிவி அம்மா சர்க்கரையை வாங்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் அசடு வழிந்தது. அதற்காக வாய் சும்மா இருக்குமா?

"அடிதடியெல்லாம் இல்லடி. ஆபரேஷன். ஆனா ஒரு அதிசயம் கேளு. வயித்துல துளை போட்டு ஆபரேஷன் பண்ணினா எங்கே வலிக்கும், சொல்லு பார்ப்போம்?"

"தோள்ல" என்றாள் மருமகள், திரும்பாமலே. "எழுந்து உக்காந்தா அதிகமாகும். படுத்தா கொஞ்சம் பரவாயில்ல. இருமல் வந்தா வயித்தைத் தலையணையால அழுத்திப் பிடிச்சுக்கணும்."

சிசிடிவி அம்மா கிண்ணத்தை மேடைமேல் வைத்தாள்.

"உனக்கு எப்படிடீ இதெல்லாம்..."

மருமகள் குழாயை மூடினாள்.

"எனக்கும் இதே ஆபரேஷன்தான் அத்தை. போன வருஷம், கல்யாணத்துக்குப் போன இடத்துல. அதான் ரெண்டு வாரம்."

"அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"சொல்லணும்னுதான் வந்தேன். வாசல்ல கால் வெச்சதும், 'கல்யாணச் சாப்பாடு நல்லா வேலை செஞ்சிருக்கு, முன்னாடி வயிறு வருது, பின்னாடி இவ வர்றா'ன்னு மாடிப்படியில நின்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குத்தான் அத்தை தெரிஞ்சுது, சிரிச்சா எப்படி இழுக்கும்னு."