வெள்ளிக்கிழமை ஐந்நூறு

“களவா மீனா? ஆயிரம் ஃபிராங்குக்கா?” பென்சிலை நோட்டின் மேல் அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்தார் மத்தார்.

“ஆமா” என்றாள் சொக்னா. அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்புக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“நேத்து என் சோத்துல கிடந்தது சாளை. முப்பது வருஷம் வலை போட்டவன்கிட்டயே களவான்னு கணக்கு சொல்றியே, என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!”

தியாருவா கடற்கரைக் குப்பத்தில் மற்றப் புருஷன்மாரெல்லாம் காலையில் அன்றைய செலவுக்குக் காசு கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள். மத்தாரிடம் முந்தின நாள் கணக்கை ஒப்பித்தால்தான் அன்றைக்கு உண்டான இரண்டாயிரத்து ஐந்நூறு கைக்கு வரும். ஏழு மாதமாக இதே கூத்து.

அதற்கு முன்பு அவர் இப்படிப்பட்ட மனிதரே இல்லை. எம்பூர் என்னும் மீன்பிடித் துறையிலிருந்து ஒருத்தன் அவரைத் தேடி வந்தான். இரண்டு பேரும் படகுகளுக்கு அந்தப் பக்கம் போய் நெடுநேரம் பேசினார்கள். மறுநாளே நோட்டு வந்தது, மூலையில் கிடந்த தகரப் பெட்டிக்குப் பூட்டு வந்தது, சாவி அவர் கழுத்துத் தாயத்துகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. வந்தவன் யாரென்று கேட்டதற்கு, “யாரோ படகுக்காரன்” என்று மட்டும் சொன்னார். காசு கைமாறியிருக்கிறது என்று சொக்னா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து புட்டி எண்ணெய் போய், பிளாஸ்டிக்கில் முடிந்த இரண்டு கரண்டி எண்ணெய் வந்தது. மூன்று சுற்றுத் தேநீர் ஒரு சுற்றானது. “கோரா போய்ச் சேர்ந்து பணம் அனுப்பட்டும், அப்புறம் பாருங்க” என்பாள் சொக்னா. அவர் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

அவர்களின் ஒரே மகன் கோரா பிழைப்புத் தேடி ஸ்பெயினுக்குத் திருட்டுப் படகேறிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு தகவலும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஜாலோ கடையில் ஐந்நூறு ஃபிராங்குக்கு அவன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு வருவாள் சொக்னா. காசு போடாமல் விட்டால் லைனை வெட்டிவிடுவார்கள். வெட்டிவிட்டால் பிள்ளை எந்த எண்ணிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவான்? அந்த ஐந்நூறு மட்டும் இந்த மனிதரின் கண்ணில் படக்கூடாது என்று இத்தனை நாள் காபந்து பண்ணி வந்திருந்தாள்.

“ஒரு வெள்ளிக்கிழமைன்னா பரவாயில்ல. எல்லா வெள்ளியும் சாளைதான், எல்லா வெள்ளியும் களவாக் கணக்குதான். மிச்ச ஐந்நூறு எங்க போகுது?”

“என்னைக் கேக்கறீங்களே, உங்க நோட்டுல முதல் பக்கம் என்ன எழுதியிருக்கு? கோலாக் கொட்டை, ஆறாயிரம், பள்ளிவாசலுக்கு. நம்ம வீட்டுல யாருக்குக் கல்யாணம் நடந்துச்சு? எந்தக் குழந்தைக்குப் பேர் வச்சீங்க? எந்தச் சாவு விழுந்துச்சு? ஒரு காரியமும் இல்லாம யாராவது கோலா பங்கு வைப்பாங்களா? நான் ஒரு வார்த்தை கேட்டேனா?”

மத்தார் நோட்டை மெல்ல மூடினார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று சொக்னாவுக்குத் தெரிந்துவிட்டது. “கோரா நம்பருக்குப் போடறேன். அவன் போனதுலேர்ந்து போடறேன். இப்ப என்னங்கறீங்க?”

அவர் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

“எங்கயாவது ஜெயில்ல பிடிச்சு வச்சிருப்பாங்க. வெளிய வந்ததும் மொதல்ல போனைத்தான் எடுப்பான். நான் கூப்பிட்டா ஒரு பொண்ணு குரல் வருது, இப்ப பேச முடியாதுன்னு. இப்பன்னுதானே சொல்றா? அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்லலையே!”

“இனிமே போடாத, சொக்னா” என்றார் மத்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்கு வாரம் ஐந்நூறு கொடுக்க மனம் வராத ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோமே என்று இருந்தது.

“கஞ்சனாவே இருந்துட்டுப் போங்க, கோரா அப்பா. ஒரு சுத்து டீ போதும், அரைச் சோறு போதும், என் பங்கு மீனையும் நீங்களே தின்னுங்க. அந்த ஐந்நூறுல மட்டும் கை வைக்காதீங்க. அந்தப் பெட்டியில பூட்டிப் பூட்டி வச்சிருக்கீங்களே, அதுலேர்ந்து எடுத்துக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?” கரி படிந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“பெட்டியில காசு இல்ல, சொக்னா. கோராவோட போன்தான் இருக்கு.”